பன்னிரண்டாம் நாற்காலியின் ஈரம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் ஞானாதிக்கம். அவனுக்குப் பின்னால் செய்தவர்களும் இருக்கிறார்கள், உப்பளத்து முதலாளி இருக்கிறார், என் மைத்துனன் இருக்கிறான், தாலுகா ஆபீசில் ஒருவர் இருக்கிறார், அவர்களுக்கெல்லாம் வரிசை வரும். ஆனால் முதல் பெயர் ஞானாதிக்கம், தருவைக்கரை வியாகுல மாதா கோயிலின் பங்குப் பேரவைத் துணைத் தலைவன், ஞாயிற்றுக்கிழமை முதல் வாசகம் வாசிக்கிறவன், நான் உப்பு வாருகிற அளத்தில் எனக்கு மேலே கணக்குப்பிள்ளையாக நின்றவன், என் காலைப் பற்றி ஊர் கேட்கப் பேசியவன்.

என் கால்கள் நல்ல கால்கள் இல்லை, அதை நானே சொல்வேன். உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். குதிகாலில் வெடிப்பு, விரல் இடுக்கில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு, எந்தச் செருப்பும் அதற்குச் சேராது, எந்த எண்ணெயும் அதில் நிற்காது. ஆனாலும் என் உடம்பில் கோயிலுக்கு ஆகிவந்தது அந்தக் கால்கள் மட்டும்தான். வாசகம் வாசிக்க எனக்கு எழுத்துப் போதாது, மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பாடகர் குழுவில் நிற்கக் குரல் போதாது, ஒருமுறை நின்று பார்த்தேன், ஆர்மோனியம் வாசித்த டீச்சர் என்னை வெளியே போய் பெஞ்சு எடுத்துப் போடச் சொல்லிவிட்டார். நற்கருணை கொடுக்கிற பணியாளராக வேண்டுமென்றால் ஆயர் இல்லத்தில் வகுப்பு இருந்து வர வேண்டும். மன்றாட்டுச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும், காணிக்கைப் பை பிடிக்க ஒரு முகம் வேண்டும். பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவும்போது, உட்கார்ந்து வலது காலை நீட்டுவதற்கு மட்டும் எதுவும் வேண்டாம். கால் இருந்தால் போதும்.

அதிலும் என் நாற்காலிக்குப் போட்டி கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி பன்னிரண்டு நாற்காலிக்கும் பன்னிரண்டு சீடர்களின் பெயர். முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது, அதற்காகச் சம்பந்தி வீடுகள் பேச்சை நிறுத்தியிருக்கின்றன. கடைசி நாற்காலி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அதில் உட்கார்ந்தால் அந்த வருடம் வீட்டில் கலியாணம் கூடிவராது என்றார்கள், உட்கார்ந்தவனை நம்பி ஒருவரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள் என்றார்கள். ஒரு வருடம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்து, அப்போதிருந்த வயதான சாமியார் கையில் குடத்தோடு நின்று, "ஆண்டவரு அவன் காலையும்தானய்யா கழுவுனாரு, ஒருத்தருமா இல்ல?" என்று கேட்டபோது, பின்னால் தூணோரம் நின்ற நான் நடந்து போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அது என் நாற்காலி. வருடத்தில் ஒரு மாலைப்பொழுது, நான் வெள்ளை வேட்டி கட்டி ஊருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், என் காலை இன்னொரு மனிதர் இரண்டு கையாலும் பிடிப்பார். மற்ற நாளெல்லாம் அந்தக் காலை நான்தான் பிடித்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோயில் தனிப் பங்காகி நூறு வருடம் ஆன அந்த வருடத்தில், ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் பெரிய வியாழன் பூசைக்கு வரச் சம்மதித்தார். முந்தின நாள் மாலை ஒத்திகை. ஞானாதிக்கம் மைக் முன்னால் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உட்காரவைத்துக்கொண்டு வந்தான், என் முறை வந்தபோது என் காலைப் பார்த்தான்.

"சந்தியாகு, இந்த வருசம் நீரு வேண்டாம்வே."

"ஏன்?"

"ஆயர் கையால தொடுற காலாவே இது? அளத்து வரப்பு கணக்கா வெடிச்சுக் கெடக்கு. அவருக்குக் கையில கீறிட்டுன்னா யாரு பதில் சொல்லுறது?"

இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மைக் போட்டிருந்தது, கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் இருந்தது, அவன் சொன்னது தெருத்தெருவாகப் போய், வீட்டு முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி கித்தேரி காதிலும் விழுந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்திருந்தாள். கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாள் பூசையில்தான் ஞானாதிக்கத்துக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, என்னைத் தவிர ஊரில் வேறு யாரும் யூதாசாக உட்காரமாட்டார்கள். ஆயர் அங்கியைக் கழற்றி இடுப்பில் துணி கட்டிவிட்டார், நாற்காலி காலியாகக் கிடக்கிறது, வேறு வழியில்லாமல் அவனே போய் உட்கார்ந்து காலை நீட்டினான். அவனுக்குத் தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. கழுவின காலைத் துடைக்கிற துண்டை அந்தந்தச் சீடரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யூதாசின் துண்டை யார் கொண்டுபோவார் என்று கோயில்பிள்ளை சேசடிமை, மணியடித்து மெழுகுதிரி கொளுத்திக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவன், எப்போதும் பதினொரு துண்டுதான் எடுத்து வைப்பான், என் காலை நான் என் தோள் துண்டால் துடைத்துக்கொள்வேன். ஆயர் பன்னிரண்டாம் காலைக் கழுவிவிட்டுக் கையை நீட்டினார், துண்டு வரவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி. ஈரக்காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கால் பிறகு காயவில்லை.

பூசை முடிந்து அவன் நடந்து போன தெருவில் ஒற்றைக் காலின் ஈரத்தடம் விழுந்தது, மறுநாள் சிலுவைப்பாதையில் விழுந்தது, உயிர்ப்பு ஞாயிறன்று அவன் வாசகம் வாசித்த இடத்தில் சிறு குட்டையாக நின்றது. துடைத்தால் துடைத்த துணி நனைந்தது, கால் நனைந்தபடியே இருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். அடுப்புச் சாம்பலில் வைத்துப் பார்த்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, வியர்வை என்று எழுதிக் களிம்பு கொடுத்தார், களிம்பு மிதந்தது. சேசடிமை வந்து என் தோள் துண்டைக் கேட்டான், கொடுத்தேன், துண்டுக்கும் ஞானாதிக்கத்துக்கும் பகை இல்லை. அதுவும் நனைந்துதான் திரும்பி வந்தது. பிழியும்போது ஒரு சொட்டு உதட்டில் பட்டுக் கித்தேரிதான் முதலில் சொன்னாள், "இந்தாங்க, இது நல்ல தண்ணியால்ல இருக்கு."

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தருவைக்கரையில் எங்கே தோண்டினாலும் உப்பு, கிணறு உப்பு, அடிபம்பு உப்பு, மழை பெய்தால் தரையில் விழுந்த கையோடு அதுவும் உப்பு. குடிக்கிறது லாரித் தண்ணீர், அதுவும் வந்தால்தான். அந்த ஊரில் ஒருவன் காலிலிருந்து நல்ல தண்ணீர் கசிகிறது. கொட்டவில்லை, ஓடவில்லை, கசிந்தது. அவன் காலைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து உட்கார்ந்தால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் பேசின் நிறைந்தது. அதற்கு ஒரு ருசியும் இல்லை. நல்ல தண்ணீருக்கு ருசி கிடையாது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாமியார், இருதயம் சாமி, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைக் குடிக்க வேண்டாம், செடிக்கு விடலாம், துணி அலசலாம் என்றார். அந்த வாரமே அவருடைய சமையல்காரி அதில்தான் சாமியாருக்கு டீ போடுவதாகச் சொன்னாள், டீ நன்றாக இருக்கிறது என்று சாமியார் சொன்னதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. உப்புத் தண்ணீரில் ஒருநாளும் வேகாத துவரம்பருப்பு வெந்தது. பெண்களின் தலைமயிர் பட்டுப் போல ஆனது. மாதா சொரூபம் வைத்த கல் கெபியின் பின்னால் நட்ட பிச்சிக்கொடி கெபியின் மேல் ஏறி மாதாவின் தோளைத் தொட்டது. பங்குப் பேரவை கூடி, இதை வெளியூருக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தது. அற்புதம் என்று தெரிந்தால் பந்தல் போடுவார்கள், பஸ் விடுவார்கள், ரோமிலிருந்து விசாரிக்க ஆள் வருவார்கள், பிறகு நம் தண்ணீருக்கு நாமே வரிசையில் நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு அன்பியம் உண்டு, வாரத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம். எந்த நாள் எந்த அன்பியத்தில் ஞானாதிக்கம் உட்காருவது என்று முறை வைத்தார்கள். மரியாயின் சேனைப் பெண்கள் பேசின் மாற்றினார்கள். வின்சென்ட் தே பவுல் சபை ஆண்கள் படுத்த படுக்கையான வீடுகளுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோனார்கள். பூசைக்கு விளக்கேற்ற ஆள் கிடைக்காமல் சேசடிமை தெருவில் நின்று கெஞ்சிய ஊரில், பேசின் பிடிக்க ஆட்கள் மிஞ்சினார்கள்.

என் அநியாயத்தை மட்டும் ஊர் மறந்தது. நல்லவேளை சந்தியாகு அன்றைக்கு உட்காரவில்லை, அவன் காலாக இருந்தால் வெடிப்பிலேயே தண்ணீர் நின்றிருக்கும் என்று என் எதிரிலேயே பேசினார்கள். நான் ஒன்று மட்டும் கேட்டேன், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வாசலில் நின்று ஞானாதிக்கத்திடம் கேட்டேன்: மைக்கில் சொன்னதை மைக்கில் வந்து எடுத்துக்கொள்ளும், சந்தியாகு காலைச் சொன்னது தப்பு என்று சொல்லும், அவ்வளவுதான், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் என்னைப் பார்க்காதவன் போல ஈரத்தடம் வைத்துக்கொண்டு போனான்.

பிறகு மைக்கே அவனுக்கு இல்லாமல் போனது. ஒரு ஞாயிறு அவன் வாசகம் வாசிக்க எழுந்தபோது சேசடிமை ஓடி வந்து படியில் குறுக்கே நின்றான். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. மைக் வயர் தரையில கெடக்கு. இந்தக் காலோட பீடத்துல ஏறுனா கரண்டு அடிச்சிரும். சாமியே சொல்லிட்டாவ." ஞானாதிக்கம் கையில் வாசகப் புத்தகத்தோடு நின்றான். அவன் குரல் எப்படிப்பட்ட குரல் தெரியுமா, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களுக்குக்கூட அப்படி வராது, இசையாஸ் தீர்க்கதரிசியின் வாசகம் என்று அவன் தொடங்கினால் பின்வரிசையில் அழுகிற பிள்ளை வாயை மூடும். அவன் புத்தகத்தைச் சேசடிமை கையில் கொடுத்துவிட்டு இடத்தில் வந்து உட்கார்ந்தான். வேறு ஒருவர் வாசித்தார், தட்டுத்தடுமாறி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காணிக்கை எடுக்கிறவரைக்கும் சந்தோஷமாக இருந்தது. பிறகு அவன் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். முடிந்துபோன வாசகத்தைத் தனக்குள் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அன்றைய பூசையில் எனக்கு ஒன்றும் நன்றாக இல்லை.

எங்கள் அன்பியத்தின் முறை வந்து, எங்கள் வீட்டுக்குக் கூட்டம் வந்தது. பெண்கள் பேசின்களோடு வந்தார்கள், ஞானாதிக்கத்தை என் நாற்காலியில் உட்காரவைத்தார்கள், ஒருத்தி அவன் காலைத் தூக்கிப் பேசினில் வைத்தாள், சந்தையில் கோழியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. மங்கள வார்த்தை ஜெபம் தொடங்கியது. எல்லாருடைய கண்ணும் பேசினில் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், ஏனென்றால் எனக்கு வர வேண்டியது அந்த முகத்திலிருந்துதான் வர வேண்டும். மனைவி செத்தவன், மகன் துபாயில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேசினுக்குள் அந்தக் கால் வெள்ளையாக ஊறி, தோல் சுருங்கி, பிறந்த பிள்ளையின் கால் போல இருந்தது. எவ்வளவு காலமாக ஒருவரும் அவனிடம் சாப்பிட்டீரா என்று கேட்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் எழுந்து பேசினை இழுத்தேன். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது, பெண்கள் கத்தினார்கள்.

"என்ன செய்யிதிய?" என்றாள் கித்தேரி.

"நம்ம வீட்டுல வேண்டாம்."

"லாரி வந்து எவ்வளவு நாளாச்சு, பைத்தியமா உங்களுக்கு?"

"வேய் ஞானாதிக்கம்," என்றேன், "ஊருக்கெல்லாம் உம்ம கால் வேணும். எனக்கு அது வேண்டாம். எனக்கு உம்ம வாய்தான் வேணும். சொல்லும்."

அவன் என்னை நேராகப் பார்த்தான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தான். பிறகு சிரித்தான், தோள் குலுங்கச் சிரித்தான். "வாயில பல்லே பாதிதான்வே இருக்கு, அதை வச்சு என்ன செய்வீரு?" என்றான். சொல்லவில்லை. ஆனால் ஜெபம் முடிகிறவரைக்கும் காலைச் சும்மா தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தண்ணீர் சிமெண்ட் தரையில் வழிந்து முற்றத்துக்குப் போனது, கோழிகள் வந்து குடித்தன. அவன் வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் தெருவில் எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

அளத்திலும் அவன் காலம் முடிந்தது. கணக்குப்பிள்ளை வரப்பில் நடக்காமல் முடியாது, அவன் நடந்த வரப்பெல்லாம் தடம் தடமாகக் கரைந்தது, குவித்த உப்பின் மேல் அவன் காலை வைத்த இடத்தில் குழி விழுந்தது. முதலாளி ஒருநாள் காரிலிருந்து இறங்காமலே, அவன் கால் இனி என் அளத்தில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் வீடோ அளத்துக்கு அந்தப்புறம். ஊருக்குள் வர வேண்டுமென்றால் வரப்பு வழிதான், இல்லாவிட்டால் கடற்கரையைச் சுற்றி வெகுதூரம் நடக்க வேண்டும். முறை வைத்த அன்பியத்து ஆண்கள் போய் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள், பேசின்கள் நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டுபோய் விடுவதற்குத்தான் சில நாள் ஆள் இருக்காது.

அப்படி ஒருநாள் உச்சிவெயிலில் நான் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது அவன் அளத்தின் விளிம்பில் ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான். கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட மாட்டான். நான் கொஞ்ச நேரம் பார்க்காதவன் போல வாரினேன், பிறகு வாருபலகையைப் போட்டுவிட்டுப் போய் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"வேண்டாம்வே," என்றான்.

"ஏறும். உமக்காக இல்ல, வரப்புக் கரைஞ்சா நாந்தான் மறுபடி கட்டணும்."

ஏறினான். பெரிய உடம்புதான், ஆனாலும் வற்றிப்போயிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. வரப்பு ஈரமாகிவிடக் கூடாதென்று அவன் வலது காலை என் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான், அந்தத் தண்ணீர் என் முழங்கால் வழியாக இறங்கிக் குதிகாலுக்குள் போனது. நடு வரப்பில் நின்றேன்.

"இப்ப சொல்லும். இல்லன்னா உப்புத் தண்ணிக்குள்ள போட்டுருவேன்."

"போடும்."

"போடமாட்டேன்னு நினைக்கீரா?"

"போடும்வே. ஒருவேளை அதுல காய்ஞ்சாலும் காயும்." குரல் என் பிடரியின் பக்கத்திலிருந்து வந்தது, ரேடியோக் குரல் இல்லை, வேறு ஒரு குரல். "தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு, கீழ வாளி நிறையுற சத்தத்தையே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

"அதையெல்லாம் நான் கேக்கலவே."

"தெரியும். நீரு கேக்குறது அது இல்ல."

நான் அவனைக் கீழே போடவில்லை. கொண்டுபோய் அவன் வாசலில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் குதிகாலில் வெடிப்புகள் இளகியிருந்தன, உப்புக் கரைந்து, உள்ளே தோல் சிவப்பாகத் தெரிந்தது. அதை நான் அவனிடம் கேட்கவில்லை. அதனால் அதைக் கணக்கில் கழிக்கவும் மாட்டேன்.

மறுபடி பெரிய வியாழன் வந்தது. இந்த முறை இராயப்பர் நாற்காலியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கே யூதாசாக வேண்டும். எங்கள் தாத்தாதான் அந்தக் காலத்தில் யூதாசு என்று ஒருவர் வந்தார், என் மகனைப் பாருங்கள், காட்டிக்கொடுக்கிற முகமே அவனுக்குத்தான் என்று ஒரு தாய் வந்தாள். ஒரு காலிலேயே இவ்வளவு தண்ணீர் என்றால் இரண்டாவது கால் வந்தால் லாரியே வேண்டாம் என்று மேலத்தெரு கணக்குப் போட்டது. துண்டு பதினொன்றுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சேசடிமையிடம் சொல்லிவைத்தார்கள். யார் உட்காருவது என்று சாமியார் பங்குப் பேரவையிடம் விட்டார், பேரவை துணைத் தலைவனிடம் விட்டது.

பூசையில் அவன் எழுந்து, மைக்குக்குப் போகாமல், பீடத்தின் கீழ்ப்படியில் நின்று வெறும் குரலில் பெயர்களைச் சொன்னான். பதினொரு பேர் போய் உட்கார்ந்தார்கள். கோயிலே கடைசி நாற்காலியைப் பார்த்தது.

"பன்னிரண்டாவது நாற்காலி சந்தியாகுக்கு. அது அவரு வழக்கமா உக்காருற நாற்காலி."

நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வார்த்தைக்காகக் காத்தேன். எனக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும், இரண்டு வருடமாக என் காலை ஒருவரும் தொடவில்லை. ஆனால் தொடத் தகாத கால் என்று சொன்ன சொல் அந்த நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருந்தது, அதை அவன் எடுக்காமல் நான் எங்கே உட்காருவது?

"போங்க," என்று பெண்கள் பக்கமிருந்து கித்தேரி கண்ணால் சொன்னாள்.

"சந்தியாகு, வாங்க," என்றார் இருதயம் சாமி, கையில் குடத்தோடு.

"அவுக சொல்லி முடிக்கட்டும் சாமி."

"பேரைச் சொல்லிட்டேன்லா," என்றான் ஞானாதிக்கம்.

"பேரு தெரியும்வே, எங்க அப்பா வச்சது. காலைப் பத்திச் சொல்லும்."

யாரோ சிரித்தார்கள், யாரோ, "ஒரு ஆளு வீம்புல ஊருத் தண்ணி போகுதுவே," என்றார்கள். அவன் படியில் நின்றான். காலடியில் தண்ணீர் சேர்ந்து அடுத்த படிக்கு இறங்கியது. வாயைத் திறந்தான். நான் கழுத்தை நீட்டினேன், கோயிலே நீட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, அவனுக்குள் அந்தச் சொல் ஏறிவருவது எனக்குத் தெரிந்தது, தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. ஏழை எளியவருக்கு நற்செய்தி சொல்லிப் பழகிய வாய், இதை மட்டும் அதற்குப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

மேலத்தெருக்காரர் ஒருவர் நாற்காலிக்கு ஓட எழுந்தார், அதற்குள் சாமியார் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட்டுவிட்டார். யாரும் இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றினார், யாரும் இல்லாத இடத்தைத் தன் இடுப்புத் துணியால் மெதுவாக, விரல் இடுக்கையும் விடாமல் துடைப்பது போலத் துடைத்தார். தூணோரம் நின்ற எனக்குக் கால் கூசியது. தரை உடனே காய்ந்தது. ஊர் ஏமாந்து பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகு ஊர் எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. அவனிடம் பேசின் மட்டும் வைத்தார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஞானாதிக்கம். வரப்பைச் சுற்றி, கடற்கரை வழியாக, அவ்வளவு தூரமும் தனியாக நடந்து வந்திருக்கிறான்.

"இன்னிக்கு எங்க முறை இல்லையே," என்றேன்.

"முறைக்கு வரல."

"சொல்ல வந்தீரா?"

"அப்படித்தான் கிளம்புனேன்," என்றான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தண்ணீர் தரையில் ஓடியது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். "வார வழியில அந்தச் சொல்லு போயிட்டு."

கித்தேரி அவனிடம், "சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் இலை போட்டாள். கிணற்றுத் தண்ணீரில் வைத்த குழம்பு, உப்புக்கரித்த சோறு, பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. ஊரிலேயே எங்கள் வீட்டில்தான் இன்னும் பருப்பு வேகவில்லை. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு நாற்காலியிலேயே, காலைத் தரையில் வைத்தபடி, வாளி நிறைகிற சத்தம் இல்லாமல், சாயங்காலம் வரைக்கும் தூங்கினான்.

அன்றிலிருந்து முறை இல்லாத நாளெல்லாம் வருகிறான். அவன் வருவதற்குள் நான் குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், கொடுக்கல் வாங்கல் விஷயம், ஏனோதானோவென்று இருக்கக் கூடாது. சொல்லும் என்கிறேன். சொல்லுதேன்வே, வெயிலு தாழட்டும் என்கிறான். வெயில் தாழ்ந்ததும் மகனைப் பற்றிச் சொல்கிறான், முதலாளியைத் திட்டுகிறான், அந்த வார வாசகத்தை எனக்கு மட்டும் வாசித்துக் காட்டுகிறான். மைக் இல்லாமல் வாசித்தாலும் கோழிகள் நின்று கேட்கின்றன. நேற்று நான் கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன். அவன் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து கித்தேரி எட்டிப் பார்த்து, "அவுக சொல்லி முடிச்சிட்டா நாளையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் என்னத்தப் பேசுவிய?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் நான் விடப்போவதும் இல்லை. மைக்கில் சொன்னது மைக்கில்தான் திரும்பி வர வேண்டும், அதில் மாற்றமில்லை. நாளைக்கு வருவான், கேட்பேன்.